விழுந்த சீட்டும் விழாத சீட்டும்

சூதாட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தருமபுத்திரரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நம் எழுத்தாளர்களுக்குள் ஒரு சம்பிரதாயம் உண்டு. நான் தருமபுத்திரரை விட்டுவிடுகிறேன். அவர் தோற்றவர், தோற்றவரிடம் வரி கேட்க யாரும் வரவில்லை. நான் பேச வந்தது ஜெயித்தவனைப் பற்றி. அவனும் அஸ்தினாபுரத்து மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவன் அல்ல. தேனி மாவட்டத்தில், தேவாரத்துக்குப் பக்கத்தில், மேற்குமலை அடிவாரத்துப் பொட்டிப்புரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். லாட்டரிக்கு நான் பரிந்து பேசுவதாக எண்ணிக்கொண்டு யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். கூலிக்காரன் மடியிலிருக்கும் ஐம்பது ரூபாயை ஆசை காட்டிப் பிடுங்குகிற வியாபாரத்தை, அதைத் தனியார் நடத்தினாலும் சர்க்கார் நடத்தினாலும், நான் நல்ல வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். என் வழக்கு வேறு. ஒருவனைச் சூதாடி என்று முத்திரை குத்திவிட்டால் அவனிடம் நியாயமான கணக்குக் கேட்க வேண்டியதில்லை என்று நம் சட்டம் நினைக்கிறது. படித்தவர்களாகிய நாமும் அப்படியே நினைக்கிறோம். அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பொட்டிப்புரம் என்றதும் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நியூட்ரினோ ஞாபகம் வரும். அந்த ஊர் மலையைக் குடைந்து உள்ளே ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. ஊர் எதிர்த்தது, மாநில சர்க்காரும் எதிர்த்தது, காரியம் நடந்தேறவில்லை. கண்ணுக்குத் தெரியாமல், உடம்பையும் மலையையும் ஊடுருவிப் போகிற துகளைக்கூட எண்ணிக் கணக்கில் வைத்துவிடலாம் என்று நம்பிய விஞ்ஞானிகளின் தைரியத்தை நான் மெச்சுகிறேன். அதே ஊர் டீக்கடை வாசலில் கிழித்துப் போட்ட சீட்டுகள் காற்றில் பறக்கின்றன. அவற்றை எண்ணிப் பார்க்க மட்டும் எந்தச் சட்டத்துக்கும் தைரியம் வரவில்லை.

இந்தப் பக்கத்தில் லாட்டரி விற்பனை இல்லை. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் அதைத் தடை செய்தார்கள். ஆனால் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே தலைநிமிர்ந்து பார்த்தால் கேரளம். அங்கே 1967-ல் அரசாங்கமே லாட்டரிக்கு ஓர் இலாகா தொடங்கி, 1968 ஜனவரி 26-ந் தேதி முதல் குலுக்கலை நடத்திற்று. அப்போது சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு ஐம்பதாயிரம். இன்று தினமும் குலுக்கல். விடியற்காலையில் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணுமாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகளில் போகிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று ஏதோ ஒரு மெட்டில் ஏறி, சாயங்காலம் இறங்குகிறார்கள். ஏறிய இடத்தில் சீட்டுக்கடை இருக்கிறது. அங்கே வாங்குவது சட்டப்படியான காரியம். இறங்கி வந்த பிறகு இங்கே ஒருவன் அதை விற்றால் போலீஸ் பிடிக்கும். ஒரே சீட்டு, ஒரே நாடு, ஒரு மலைச்சரிவு தூரத்தில் தர்மம் மாறிவிடுகிறது. இருக்கட்டும். மாநிலங்களுக்கு அந்த உரிமையை 1998-ஆம் வருஷத்து லாட்டரிச் சட்டம் கொடுத்திருக்கிறது.

பொட்டிப்புரத்தில் நான் பார்த்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தோட்டத்துக்குப் போய்வருகிறவர். சட்டைப் பையில் பீடிக்கட்டோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்திருந்தார். இடப்பக்கத்தில் அன்றன்று வாங்கிய சீட்டு எண்ணும் கொடுத்த காசும்; வலப்பக்கத்தில் விழுந்த தொகை. வலப்பக்கங்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தன.

"எதுக்கண்ணே இதெல்லாம் எழுதி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"மக எழுதச் சொன்னா தம்பி. எழுதிப் பாத்தா விட்டுருவேன்னு நெனச்சிருக்கா. விட்ட பாடில்ல. எம்புட்டுப் போச்சுங்கிறது மட்டும் தெளிவாத் தெரியுது."

ஒரு வருஷத்துக் கணக்கை இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். ஐம்பது ரூபாய்ச் சீட்டு 628. கொடுத்த பணம் 31,400 ரூபாய். விழுந்தது ஓர் ஐயாயிரம், ஓர் ஆயிரம், ஓர் ஐந்நூறு, ஓர் இருநூறு, ஆக 6,700. போனது 24,700. கூட்டி முடித்ததும் அவர் கேட்டார்:

"நாளைக்குப் பெருசா ஒண்ணு விழுந்தா, இம்புட்டுப் போட்டுத்தான் எடுத்தேன்னு இந்த நோட்டக் காட்டுனா கழிச்சுக்கிருவாகளா தம்பி?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏலக்காய் வியாபாரி கேட்டால் நியாயம் என்று ஒப்புக்கொள்ளும் கேள்வி அது. போடிநாயக்கனூரில் ஏலத்துக்கு மூட்டை கொண்டுவருகிற எந்த வியாபாரியும் விற்ற தொகை முழுவதையும் லாபம் என்று எழுத மாட்டான். வாங்கிய விலை, சாக்கு, வண்டிச் சத்தம், கூலி எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். இது பள்ளிக்கூடத்துக் கணக்கு.

தேனியில் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோனேன். அவர் சட்டென்று பதில் சொன்னார்: "நோட்டில் இடப்பக்கங்களையெல்லாம் கிழித்து எறிந்துவிட்டு, வலப்பக்கங்களை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்."

சட்டம் அதைத்தான் சொல்லுகிறது. 1972 வரையில் லாட்டரியிலோ குதிரைப் பந்தயத்திலோ தற்செயலாக விழுந்த பணத்துக்கு வருமான வரி கிடையாது. அந்த வருஷத்து நிதிச் சட்டம், வருமானம் என்ற சொல்லுக்குள் அதையும் அடக்கிற்று. 1986-ல் அதற்கென்று ஒரு தனி விகிதம் வகுத்து, 115பிபி என்று ஒரு பிரிவைப் புகுத்தினார்கள். இப்போது விகிதம் நூற்றுக்கு முப்பது. 2025-ல் வருமான வரிச் சட்டத்தையே புதிதாக எழுதினார்களே, அப்போதும் அந்த முப்பது அசையவில்லை. இந்த முப்பதுக்கு மூன்று காவல்கள் உண்டு. சீட்டு வாங்கிய செலவைக் கழிக்க முடியாது. விழாத சீட்டின் நஷ்டத்தை விழுந்த சீட்டின் வரவில் ஈடுகட்ட முடியாது. மற்ற வருமானங்களுக்கு இருக்கும் ஆரம்ப விலக்கு எல்லையும் இதற்குக் கிடையாது. ஒரே சீட்டில் பத்தாயிரத்துக்கு மேல் விழுந்தால் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே விழுந்தால் பிடித்தம் இல்லை. ஆனால் வரி இல்லை என்று அர்த்தம் இல்லை. ஆகவே நம் பொட்டிப்புரத்து மனிதர், சட்டத்தின் எழுத்துப்படி, 6,700 ரூபாய்க்கு முப்பது சதவிகிதம், அதாவது 2,010 ரூபாயும் அதன்மேல் செஸ்ஸும், சர்க்காருக்குச் செலுத்த வேண்டியவர். இருபத்து நாலாயிரத்து எழுநூறு ரூபாயைத் தோற்றதற்காக! வசூலிக்க யாரும் அவர் வீட்டுக்கு வரப்போவதில்லை என்பது உண்மை. வசூலிக்க வெட்கப்படுகிற வரியை எதற்காக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

1968-ல் அண்ணாதுரை ஆட்சியில் தமிழக சர்க்கார் தன் சொந்தப் பரிசுச் சீட்டைத் தொடங்கியபோது ஒரு கோஷம் ஊரெல்லாம் பரவிற்று: விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு. அதில் ஒரு நேர்மை இருந்தது என்று இன்று தோன்றுகிறது. பங்கு பிரித்துச் சொன்னார்கள். தோற்றவனுக்கு, உன் காசு பள்ளிக்கூடத்துக்கோ பாலத்துக்கோ போகிறது என்றாவது ஆறுதல் இருந்தது. இப்போது நிலைமை என்ன? லாட்டரிச் சீட்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நாற்பது சதவிகிதம். ஐம்பது ரூபாய்ச் சீட்டின் விலைக்குள்ளேயே ஏறக்குறைய பதினான்கு ரூபாய் வரியாக உட்கார்ந்திருக்கிறது. விழாத சீட்டிலும் அது போய்விட்டது. விழுந்தால் முப்பது. விழுந்தாலும் நாட்டுக்கு, விழாவிட்டாலும் நாட்டுக்கு என்று கோஷத்தைத் திருத்தி எழுதியிருக்கலாம். அந்தத் திருத்தத்தைச் சுவரில் எழுத மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

இனி, மாதச் சம்பளம் வாங்குகிற என் வாசகர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுகிறேன். ஏலத்தோட்டத்துக் கூலி ஒருவனுக்குப் பத்து லட்சம் விழுகிறது. கேரளத்து முறைப்படி ஏஜெண்டின் கமிஷன் பத்து சதவிகிதம் அந்தப் பரிசிலிருந்தே போகும். மிச்சம் ஒன்பது லட்சம். முப்பது சதவிகித வரி 2,70,000. அவன் கைக்கு வருவது 6,30,000. அதற்கு மேல் நூற்றுக்கு நான்கு செஸ் என்று 10,800 ரூபாயை அவனே தனியாகக் கட்ட வேண்டும். அது அவனுக்குத் தெரியாது. அதே வருஷத்தில் ஓர் உத்தியோகஸ்தர் ஒன்பது லட்சம் சம்பளம் வாங்குகிறார். 2025-26 முதல், புதிய முறையில் பன்னிரண்டு லட்சம் வரை கழிவு கொடுத்துவிட்டதால், அவர் கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யம். அந்தக் கழிவு லாட்டரிப் பணத்துக்கு இல்லை என்று அதே நிதிச் சட்டம் கவனமாக எழுதிவைத்தது. கூலிக்காரனுடைய வாழ்நாளில் ஒரே ஒரு வருஷம் ஒன்பது லட்சம் வந்தது. அந்த ஒரு வருஷத்தில் அவன் கோடீசுவரனுடைய விகிதத்தில் வரி கட்டுகிறான்.

"உழைக்காமல் வந்த பணம்தானே, கொடுக்கட்டுமே!" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. சொல்லுங்கள். ஆனால் உழைப்பைப் பற்றிய இந்த உணர்ச்சி எல்லோரிடத்திலும் ஒரே மாதிரி பொங்க வேண்டும்.

பங்குச் சந்தையில் ஆப்ஷன், ஃப்யூச்சர் என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. வியாழக்கிழமைக்குள் ஏறுமா இறங்குமா என்று கைப்பேசியில் விரலால் தடவி ஊகம் கட்டுகிறார்கள். ஆபீசில், ரயிலில், கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூட. அதில் இறங்குகிற தனி மனிதர்களைப் பற்றிச் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. மூன்று வருஷங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். எல்லோருடைய நஷ்டமும் சேர்ந்து 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கேரளத்துக் குலுக்கல்காரர்கள் பொறாமைப்படத்தக்க தொகை! இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் தெரியுமா? வியாபாரம். இந்த நஷ்டத்தை, சம்பளம் நீங்கலாக, மற்ற வருமானங்களில் கழித்துக்கொள்ளலாம். மிஞ்சினால் எட்டு வருஷம் வரை சுமந்துபோய் வரப்போகிற லாபத்தில் கழிக்கலாம். தரகு, இண்டர்நெட் கட்டணம் எல்லாம் செலவு. கோட்டுப் போட்டவன் ஊகம் கட்டினால் வியாபாரம். லுங்கி கட்டியவன் ஊகம் கட்டினால் சூது. சந்தை வேறு, லாட்டரி வேறு என்று எனக்குப் பாடம் சொல்ல வராதீர்கள். சந்தையில் கம்பெனிக்கு மூலதனம் திரள்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வியாழக்கிழமை ஆப்ஷனில் எந்தக் கம்பெனிக்கு எந்த மூலதனம் திரண்டது?

குதிரைப் பந்தயத்தைப் பாருங்கள். பந்தயத்துக்குப் போய்ச் சீட்டுக் கட்டினவனுக்குச் செலவு கழிவு கிடையாது. ஆனால் ஓடுகிற குதிரையின் சொந்தக்காரருக்கு உண்டு! 1961-ஆம் வருஷத்துச் சட்டம் அவருக்காகவே ஒரு விதிவிலக்கு எழுதிற்று: குதிரைக்குக் கொள்ளும் புல்லும் வாங்கிய செலவைக் கழிக்கலாம், நஷ்டம் மிஞ்சினால் நான்கு வருஷம் வரை அதே இனத்தில் சுமந்து செல்லலாம் என்று. குதிரை தின்ற கொள்ளுக்குக் கணக்கு உண்டு. குதிரையை நம்பியவன் பட்டினி கிடந்ததற்குக் கணக்கு இல்லை.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். 1958-ல் ஒருவர் 65,500 ரூபாய் நோட்டுகளோடு பாகிஸ்தான் எல்லையைத் தாண்டப் போகையில் பிடிபட்டார். அங்கே போய்த் தங்கம் வாங்கி இங்கே கடத்துவதற்காக என்று தெரிந்தது. பணம் பறிமுதல். பிற்பாடு வருமான வரிக்காரர்கள் அந்தத் தொகையில் பெரும்பகுதியை அவருடைய வருமானம் என்று வரி போட்டார்கள். அவர், "கடத்தல் என் தொழில் என்று நீங்களே சொல்கிறீர்கள், தொழிலில் பறிமுதலான பணம் தொழில் நஷ்டம்தானே?" என்ற பாவனையில் வழக்காடினார். 1980-ல் சுப்ரீம் கோர்ட் அது நியாயந்தான் என்று தீர்ப்பளித்தது. குற்றத்துக்காகச் செய்த செலவைக் கழிக்க முடியாதென்று 1998-ல் திருத்தம் வந்தது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது, எல்லை தாண்டித் தங்கம் கடத்தப் போனவனிடத்தில்கூட "உன் நஷ்டம் எவ்வளவு?" என்று இந்த தேசத்து நீதி ஒருமுறை கேட்டிருக்கிறது. எல்லை தாண்டிக் குமுளியில் சட்டப்படி ஐம்பது ரூபாய்ச் சீட்டு வாங்கியவனை யாரும் கேட்கவில்லை.

சர்க்கார் தரப்பில் ஒரு வாதம் இருக்கிறது; வலுவான வாதம். அதை மறைத்துவிட்டுப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. விழாத சீட்டுகளைக் கழிக்க அனுமதித்தால், ஜெயித்த ஒவ்வொருவனும் குப்பைத்தொட்டியில் பொறுக்கிய சீட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு வருவான் என்பார்கள். வருவான்தான். மனுஷ சுபாவம் அப்படி. இதற்கு நேர்மாறான புரட்டும் நடந்திருக்கிறது. பெங்களூர்க்கார அம்மாள் ஒருவர் 1971-72 மதிப்பீட்டு வருஷத்துக்கான கணக்கில் பல ஊர்க் குதிரைப் பந்தயங்களில் ஜாக்பாட்டும் ட்ரெபிளுமாக மூன்று லட்சத்துக்கு மேல் ஜெயித்ததாகக் காட்டினார். அப்போது அந்தப் பணத்துக்கு வரி இல்லை. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போய் 1995 மார்ச் 28-ல் தீர்ந்தது: ஜெயித்த சீட்டுகளைப் பந்தயம் முடிந்த பிறகு யாரிடமிருந்தோ விலைக்கு வாங்கியிருக்க வேண்டும் என்றார்கள். எதனால் சந்தேகம் வந்தது? அவருடைய கணக்குப் புத்தகத்தில் வரவு மட்டும் இருந்தது. சீட்டு வாங்கிய செலவு இல்லை. தோற்ற பந்தயம் ஒன்றுகூட இல்லை. பந்தயத்துக்குப் போகிறவன் தோற்காமல் இருக்க முடியுமா என்று மனித இயல்பைக் கொண்டு நிதானித்தார்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். நஷ்டம் எழுதாத நோட்டு பொய் நோட்டு என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் கண்டுபிடித்தது. நஷ்டம் எழுதிய நோட்டு எங்களுக்கு வேண்டாம் என்று நாட்டின் வரிச் சட்டம் சொல்கிறது. பொட்டிப்புரத்து மனிதர் எந்த நோட்டைத்தான் எழுதுவார்?

குப்பைத்தொட்டிச் சீட்டுக்கு வழி இல்லாமல் இல்லை. சர்க்காருக்கு மனம் வந்தபோது வழி கண்டுபிடித்தார்கள். 2023 ஏப்ரல் முதல் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தனி விதி செய்தார்கள். அங்கே வரி மொத்த ஜெயிப்புக்கு அல்ல. ஆடுகிறவன் போட்ட பணத்தைக் கழித்து மிஞ்சிய நிகர ஜெயிப்புக்குத்தான் முப்பது சதவிகிதம். கைப்பேசியில் ரம்மி ஆடினவனுக்கு நோட்டின் இரண்டு பக்கமும் செல்லுபடியாயிற்று! இத்தனைக்கும் அந்த ரம்மி தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களைத் தூக்குக் கயிற்றில் ஏற்றியது என்பதை நாம் பத்திரிகையில் படித்திருக்கிறோம். பிறகு 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் சட்டம் செய்து பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடுத்துவிட்டது; நல்லது. ஆனால் கணக்குத் தத்துவத்தை ஒருமுறை ஒப்புக்கொண்டாயிற்று. சீட்டில் எண் இருக்கிறது. பரிசு கொடுக்கும்போது கள்ளச் சீட்டைக் கண்டுபிடிக்கக் கோடும் குறியும் அச்சடித்திருக்கிறார்கள். வாங்குகிறவனுடைய பெயரை விற்கும் இடத்திலேயே பதிந்துகொள்ள எத்தனை நாழிகை ஆகும்?

பிற தேசங்களில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் ஜெயித்தவனிடம் வரி கேட்பதில்லை. சூதாட்டக் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஜெயிப்புக்கு வரி உண்டு. ஆனால் தினக்குறிப்பும் ரசீதும் வைத்திருப்பவன் தன் ஜெயிப்பின் அளவு வரை தோற்றதைக் கழித்துக்கொள்ளலாம் என்று வெகுகாலமாக வைத்திருந்தார்கள். 2026 முதல் தோற்றதில் நூற்றுக்குத் தொண்ணூறுதான் கழிக்கலாம் என்று குறைத்தார்கள். அந்தப் பத்துக்கே அங்கே கூச்சல். நமக்கு நூறும் இல்லை, கூச்சலும் இல்லை.

நோட்டு எழுதாததால் என்ன நடக்கிறது என்பதைப் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். பெரிய தொகை விழுந்த சீட்டுக்கு வேறொரு சந்தை இருக்கிறது. ஆபீசுக்குப் போனால் பத்து லட்சத்துக்கு ஆறேகால் லட்சம். பான் கார்டு, நோட்டரி, கையெழுத்து, முப்பது நாள் கெடு. "எதுக்குப்பா அலையுற? இந்தா, ஏழு ரொக்கமா" என்று ஒருவர் கைநீட்டுவார். கறுப்பாகச் சேர்த்துவைத்த அவருடைய பணம், பரிசுப் பணம் என்ற வேஷம் போட்டுக்கொண்டு வெள்ளையாகிவிடும். அவருக்கு முப்பது சதவிகிதம் சலவைக் கூலி மாதிரி. விற்றவன் வீட்டில் ஏழு லட்சம் ரொக்கம் இருக்கும். வங்கியில் போட்டால் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். அதற்குப் பதில் இல்லை. ஆகவே அது வீட்டிலேயே கரையும். செலவைக் கழிக்க விடாத சட்டம் சூதைக் குறைக்கவில்லை. நேர்மையாக வரி கட்ட நினைத்த ஏழையையும் தரகன் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

நேர்வழியில் போனவனுக்கும் குழி இருக்கிறது. 2023-ல் திருவோணம் பம்பர் குலுக்கலில் இருபத்தைந்து கோடி முதல் பரிசு தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விழுந்தது. திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர், வாளையாரில் சேர்ந்து வாங்கிய ஐந்நூறு ரூபாய்ச் சீட்டு. அந்த வருஷம் எழுபத்தைந்து லட்சத்துக்கு மேல் சீட்டு விற்றது. இருபத்தைந்து கோடியில் கமிஷன் இரண்டரைக் கோடி போக, வரி 6.75 கோடி பிடித்து, கொடுப்பது 15.75 கோடி. பத்திரிகைகள் அங்கே கணக்கை நிறுத்திவிடும். ஆனால் பரிசு அத்தனையும் ஒருவன் பெயரிலேயே இருக்குமானால், வரியின் மேல் சர்சார்ஜ் என்று, புதிய முறையில் இருபத்தைந்து சதவிகிதமும் அதன்மேல் செஸ்ஸும் அவன் கட்ட வேண்டும்: 2 கோடியே 2 லட்சத்து 50 ஆயிரம். பழைய முறையில் இருந்தால் 2 கோடியே 86 லட்சத்து 74 ஆயிரம். இதைப் பரிசு கொடுக்கும்போது பிடிப்பதில்லை. மார்ச் 31-க்குள் அவனே கட்ட வேண்டும். தவறினால் மாதத்துக்கு ஒரு சதவிகிதம் வட்டி. அதற்குள் அவன் வீடு வாங்கியிருப்பான், தங்கைக்குக் கல்யாணம் செய்திருப்பான், கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்திருப்பான். கூட்டாக வாங்கிய சீட்டு என்றால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு துண்டுக் காகிதமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரி ஒருவன் தலையில், பணம் நான்கு பேர் கையில், சண்டை நாற்பது வருஷத்துக்கு. சீட்டின் பின்புறத்தில் "பரிசு பெறுபவர் மேலும் வரி கட்ட வேண்டியிருக்கலாம்" என்று ஒரு வரி, தமிழிலும் மலையாளத்திலும் அச்சடிக்க என்ன செலவு? பின்புறத்தில் இடமா இல்லை?

நான் கேட்பது பெரிதல்ல. லாட்டரியில் ஜெயித்தவன், அதே வருஷத்தில் தன் பெயரில் பதிந்து வாங்கிய சீட்டுகளின் விலையை, ஜெயித்த தொகையின் அளவுக்கு மேற்படாமல் கழித்துக்கொள்ளட்டும். மிஞ்சிய நஷ்டத்தை அவன் சுமந்து போக வேண்டாம், அதுவே அவனுக்குத் தண்டனை. விழுந்த பணத்துக்கும் மற்றவர்களுக்கு உள்ள ஆரம்ப எல்லையைக் கொடுக்கட்டும். எல்லைக்கு மேல் முப்பதோ நாற்பதோ போட்டுக்கொள்ளட்டும். பரிசு கொடுக்கும் ஆபீசிலேயே சர்சார்ஜையும் செஸ்ஸையும் சேர்த்துப் பிடித்து, கணக்கை அங்கேயே முடித்து அனுப்பட்டும். இது கொடுக்க முடியாதென்றால், ஆப்ஷன் நஷ்டத்துக்குக் கொடுத்திருக்கும் எட்டு வருஷத்தையும் குதிரைக்காரருடைய கொள்ளுக் கணக்கையும் ரத்து செய்யட்டும். அப்போது நான் வாயைத் திறக்க மாட்டேன்.

தேனித் தொகுதிக்கு ஒரு பார்லிமெண்ட் உறுப்பினர் இருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் நிதி மசோதாவின் மேல் விவாதம் நடக்கிறது. பங்குச் சந்தைக்காரர்களுக்காகப் பேச அங்கே பலர் எழுந்திருக்கிறார்கள். இந்தத் தடவை, மெட்டு ஏறிப்போய் இறங்கிவருகிற ஜனங்களுக்காக ஒருவர் எழுந்து, அந்த நாற்பது பக்க நோட்டின் கேள்வியை நிதிமந்திரியிடம் கேட்கட்டும்: "கழிச்சுக்கிருவாகளா?"